முன்சீட்டில் ஜில் காற்று... பின்னால் இருக்கும் செல்லத்துக்கு? திண்டிவனம் - விழுப்புரம் ரூட்டில் ஒரு கோடைப் பயண கைடு!

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12 மணி. திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் கார்கள் வரிசைகட்டிப் போகின்றன. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, சொந்த ஊருக்குக் கிளம்பியாச்சு. முன்சீட்டில் அப்பா, அம்மா. நடுசீட்டில் பாட்டியும் பிள்ளைகளும். அதற்கும் பின்னால், சூட்கேஸ், முறுக்கு டின், துணிமூட்டை எல்லாம் அடைத்ததுபோக மிஞ்சிய இடத்தில் அந்த வீட்டின் இன்னொரு பிள்ளை... டாமி.

``அப்பா, டாமிக்கு ரொம்ப மூச்சு வாங்குதுப்பா!''

``ஏ.சி ஓடுதுல்லடா? ஒண்ணும் ஆகாது. விக்கிரவாண்டி டோல் தாண்டினதும் நிறுத்துறேன்.''

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. நாய் வளர்க்கும் பல வீடுகளில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் காட்சிதான். அப்பா சொன்னதில் பொய்யில்லை. ஏ.சி ஓடுகிறது. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் ஜில்லென்றுதான் இருக்கிறது. ஆனால், டாமி உட்கார்ந்திருக்கும் இடம் எப்படி இருக்கிறது? அந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரே கார்... இரண்டு பருவம்!

பெரும்பாலான கார்களில் ஏ.சி காற்று வரும் துவாரங்கள் டேஷ்போர்டில்தான் இருக்கின்றன. சில மாடல்களில் நடுசீட்டுக்கும் உண்டு. ஆனால், கடைசியில் லக்கேஜ் வைக்கும் இடத்துக்கென்று தனியாகக் காற்று வருவது அபூர்வம். முன்னால் கிளம்பும் குளிர்ந்த காற்று இரண்டு வரிசை சீட்டுகளையும், அவற்றில் இருப்பவர்களையும், அடுக்கிவைத்த பெட்டிகளையும் தாண்டித்தான் நாயிடம் போக வேண்டும். பாதி வழியிலேயே அது தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

பின்பகுதியின் நிலைமை அதோடு முடியவில்லை. அங்கே பின்னால் ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் கண்ணாடி. மூன்று பக்கமும் வெயில் உள்ளே வரும். பல கார்களில் சைலன்ஸர் அந்தத் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. எனவே தரையும் லேசாகச் சூடேறும். மேலே வெயில், கீழே சூடு, நடுவில் அசையாத காற்று. இதற்குள்தான் நாய் படுத்திருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நாய் படுக்கும் உயரத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஏ.சி போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் வீட்டில் ஒருவர் கடைசி வரிசையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். அவருக்குப் புழுங்கினால் நாய்க்கு அதைவிட அதிகமாகப் புழுங்கும்.

ஏன் அதைவிட அதிகம்?

வியர்த்துக் கொட்டாத உடம்பு

மனிதனுக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். அந்த வியர்வை காயும்போது உடல் குளிரும். நாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் பாதங்களில் கொஞ்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. மொத்த உடம்பையும் குளிர்விக்க அவை போதாது. எனவே, நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சிரைக்கிறது. நாக்கு, வாய், மூச்சுக்குழாயில் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சுவிடும் நாய், மூச்சிரைக்கும்போது 300 முறைக்கு மேலும் போகும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. சுற்றியிருக்கும் காற்று உலர்ந்ததாகவும் அசைந்துகொண்டும் இருந்தால்தான் ஈரம் ஆவியாகும். மழை பெய்யப்போகும் நாளில் கொடியில் போட்ட துணி காயாது அல்லவா? அதே கதைதான். அடைபட்ட பின்பகுதியில் நாய் விடும் ஒவ்வொரு மூச்சும் அந்த இடத்தின் ஈரப்பதத்தைக் கூட்டுகிறது. ஈரம் கூடக்கூட மூச்சிரைப்பால் பலன் குறைகிறது. பலன் குறைவதால் நாய் இன்னும் வேகமாக மூச்சிரைக்கிறது. அந்த உழைப்பே அதன் உடல் சூட்டை இன்னும் ஏற்றிவிடுகிறது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிடக் கொஞ்சம் அதிகம். அது 105 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. அதற்கு மேல் போனால் மூளை, சிறுநீரகம், குடல், ரத்தம் உறையும் தன்மை என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். இயல்புக்கும் ஆபத்துக்கும் இடையில் இருப்பது மூன்று நான்கு டிகிரிதான்.

எந்த நாய்க்கு ரிஸ்க் அதிகம்?

மூக்கு சப்பையான பக், புல்டாக், ஷிட்ஸு போன்றவற்றுக்கு மூச்சுப்பாதையே குறுகலானது. மூச்சிரைத்துக் குளிர வேண்டிய உடம்பில் அந்த வழியே அடைப்பு என்றால் என்ன ஆகும்? பிரிட்டனில் 2016-ம் ஆண்டில் கால்நடை மருத்துவமனைகளுக்கு வந்த நாய்களின் பதிவுகளை ராயல் வெட்டர்னரி கல்லூரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலசினார்கள். லேப்ரடாரோடு ஒப்பிட்டால் சௌ சௌ இனத்துக்கு வெப்பப் பாதிப்பு வரும் வாய்ப்பு 17 மடங்கு, புல்டாகுக்கு 14 மடங்கு, ஃபிரெஞ்சு புல்டாகுக்கு 6 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. அப்படிப் பாதிக்கப்பட்டு வந்த நாய்களில் ஏழில் ஒன்று பிழைக்கவில்லை.

ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்தேச இனங்கள், குண்டான நாய்கள், வயதான நாய்கள், இதயக்கோளாறு உள்ளவை, குட்டிகள் எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். ``நம்ம ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைக்கு வெயில் பழக்கம்தானே?'' என்று கேட்கலாம். மெல்லிய ரோமமும் நீண்ட மூக்கும் அவற்றுக்கு உதவும்தான். ஆனால், அவை பழகியது வேப்பமர நிழலுக்கும் திறந்தவெளிக் காற்றுக்கும். மூடிய காரின் பின்பகுதிக்கு எந்த நாயும் பழகியதில்லை.

கோடைக்காக ஹஸ்கி, பொமரேனியன் போன்றவற்றின் முடியை ஒட்ட மழிக்கும் பழக்கமும் இருக்கிறது. அந்த அடர்ந்த ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கவும் செய்கிறது. நன்றாகச் சீவி, உதிர்ந்த முடியை எடுத்துவிட்டாலே போதும். மழிக்க வேண்டியதில்லை.

குட்டி யானையில் போகும் காவல்காரன்

எல்லோரும் காரில் போவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தோட்டத்துக் காவல் நாயைத் தடுப்பூசிக்கோ சிகிச்சைக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் குட்டி யானை, பிக்கப், லோடு ஆட்டோதான் கைகொடுக்கும். திறந்த வண்டி என்பதால் காற்று வரும், உண்மைதான். ஆனால், அந்தக் காற்று வண்டி ஓடும்வரைதான். டோல்கேட்டிலோ, ரயில்வே கேட்டிலோ, டீக்கடை வாசலிலோ நின்றுவிட்டால் தலைக்கு மேல் நேர் வெயில்.

அதைவிடப் பெரிய பிரச்னை, வண்டியின் இரும்புத் தரை. நண்பகலில் அதில் உள்ளங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடிகிறதா என்று பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. நாயால் செருப்பு போட முடியாது, கட்டிப்போட்டிருந்தால் தள்ளிப்போகவும் முடியாது.

இதற்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை. தரையில் முதலில் மரப்பலகை, அதன்மேல் நனைத்த கோணிச்சாக்கு. மேலே நிழலுக்குத் தென்னங்கீற்றோ வெளிர் நிறத் துணியோ கட்டலாம். ஆனால், நான்கு பக்கமும் மூடக் கூடாது. தார்ப்பாயால் இழுத்துப் போர்த்தினால் அது நிழல் அல்ல, அடுப்பு. மேலே மட்டும் மறைத்து, பக்கங்களைக் காற்றுக்கு விட்டுவிட வேண்டும். கூண்டு இருந்தால் பக்கவாட்டில் கம்பிவலை உள்ளதாக இருக்கட்டும். கூண்டையே வண்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டால், கழுத்தில் கயிறு கட்ட வேண்டிய அவசியமும் இருக்காது. கழுத்தில் கயிறோடு நாய் குதித்துத் தொங்கிப்போகும் ஆபத்தும் தவிரும்.

சாப்பிட இறங்கும் அந்த அரை மணி நேரம்

ஓடும் வண்டியைவிட ஆபத்தானது, நிற்கும் வண்டி.

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் திண்டிவனமும் விழுப்புரமும் சாப்பாட்டு ஊர்கள். சுமார் 120 கி.மீ ஓட்டிவந்து திண்டிவனத்தில் டிபன், இல்லையென்றால் இன்னும் 40 கி.மீ போய் விழுப்புரத்தில் சாப்பாடு. ஹோட்டலுக்குள் நாயை விட மாட்டார்கள். ``கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டா போதும், அரை மணி நேரத்துல வந்துடலாம்'' என்று குடும்பமே இறங்கிப் போய்விடும். மயிலம் முருகன் கோயிலுக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும் போகிறவர்களும் இப்படித்தான். செஞ்சிக்கோட்டை இன்னும் மோசம். ராஜகிரி ஏறி இறங்க மணிக்கணக்கில் ஆகும்.

கண்ணாடியை இறக்கிவிட்டால் போதுமா? 2005-ல் `பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 16 வெயில் நாள்களில், 72 முதல் 96 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான வெளிவெப்பத்தில், நிறுத்திவைத்த காருக்குள் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் காரின் உள்ளே சராசரியாக 40 டிகிரி கூடியது. அந்த ஏற்றத்தில் 80 சதவிகிதம் முதல் அரை மணி நேரத்திலேயே வந்துவிட்டது. கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கிவைத்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. கிளம்பும்முன் ஏ.சி போட்டுக் குளிர்வித்துவிட்டு நிறுத்தியதும், சூடேறுவதைச் சில நிமிடங்கள்தான் தள்ளிப்போட்டது.

வெளியே 95 டிகிரி என்றால், நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் காருக்குள் 125 டிகிரியைத் தாண்டியிருக்கும். அக்னி நட்சத்திர நாள்களில், அதாவது மே 4 முதல் 28 வரை, நம் ஊர் வெயில் 100 டிகிரியைத் தாண்டுவது சகஜம். கணக்கை அங்கிருந்து போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆய்வு குழந்தைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும். தூங்கும் பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆக்ராவில் தாஜ்மஹால் வாகன நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் ஒரு வளர்ப்பு நாய் இறந்துகிடந்த செய்தி நாடு முழுவதும் பரவியது. குடும்பம் தாஜ்மஹாலைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தது. `விவரம் தெரியாதவர்கள்' என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. 2009 ஜூன் மாதம், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையர் காவல்துறையைச் சேர்ந்த இரண்டு போலீஸ் நாய்கள் காவல்துறை வளாகத்திலேயே காருக்குள் விடப்பட்டு இறந்தன. நாய்களோடு வேலை செய்வதையே தொழிலாகக் கொண்ட துறையில் நடந்தது அது. அன்று அங்கே வெயில் 90 டிகிரியைக்கூடத் தொடவில்லை. நம்ம ஊரில் அது மார்கழி மதியத்து வெயில்!

``இன்ஜினை ஆன்ல வெச்சு, ஏ.சி போட்டுட்டுப் போறோமே?'' என்பவர்களும் உண்டு. இன்ஜின் நின்றுபோகலாம், ஏ.சி மக்கர் செய்யலாம், நாய் தாவும்போது பட்டனை மிதித்துக் கதவு பூட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் போலீஸ் நாய் வண்டிகள் பலவற்றில் உள்ளே சூடு ஏறினால் தானாகக் கண்ணாடியை இறக்கி, ஃபேனைப் போட்டு, காவலரின் கையில் இருக்கும் கருவிக்கு அலாரம் அனுப்பும் சாதனமே வைத்திருக்கிறார்கள். ஏ.சி-யை மட்டும் நம்பக் கூடாது என்பது அனுபவத்தில் கற்ற பாடம்.

தீர்வு மிக எளிது. இரண்டு ஷிஃப்ட்டாகச் சாப்பிடுங்கள். பாதிப் பேர் உள்ளே போகட்டும், பாதிப் பேர் நாயோடு புளியமர நிழலில் நிற்கட்டும். கூட யாருமில்லை என்றால் பார்சல் வாங்கிக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, தேவையற்ற வலியோ துன்பமோ ஏற்படும்படி ஒரு விலங்கை வண்டியில் ஏற்றிச்செல்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வைத்த தொகை அது. 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கத் தண்ணீர் தர வேண்டும் என்கிறது அது. நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் தப்பில்லை.

பின்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாமே என்று நினைக்காதீர்கள். கார் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி நிற்கும்போது மட்டும் கண்ணாடிக்கு வெளியே வெளிர் நிறத் துணியைப் போட்டு மறைக்கலாம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்தால் பலன் அதிகம்.

கிளம்புவதற்கு முன்...

* முடிந்தால் நாய்க்குப் பின்பகுதியே வேண்டாம். பெட்டிகள் பின்னால் போகட்டும், அல்லது மேலே கேரியரில் ஏறட்டும். நாய் நடுசீட்டுக்கு வரட்டும். நெஞ்சில் மாட்டும் பெல்ட்டை சீட் பெல்ட்டோடு இணைத்துவிட்டால், திடீர் பிரேக் போட்டாலும் பாதுகாப்பு.

* பின்னால்தான் இடம் என்றால், பெட்டிகளைச் சீட்டின் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். குளிர்ந்த காற்று போக நடுவில் ஒரு வழி விடுங்கள். நடுசீட்டின் பின்புறம் சின்ன யு.எஸ்.பி ஃபேன் ஒன்றை மாட்டினால், முன்னால் இருக்கும் குளிரைப் பின்னால் தள்ளும். ஓடும் ஏ.சி காரில்தான் இது உதவும். நிறுத்திய காரில் அதே ஃபேன் சூடான காற்றைத்தான் சுழற்றும்.

* செடான் கார்களின் மூடிய டிக்கியில் நாயை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குக்கூட!

* அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் விழுப்புரத்தைத் தாண்டிவிடலாம். மதியம் தவிர்க்கவே முடியாதென்றால் ஒரு கணக்கு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும்போது மதிய வெயில் வலது பக்கமாக விழும். சென்னைக்குத் திரும்பும்போது இடது பக்கமாக விழும். நாயை அதற்கு எதிர்ப்பக்கம் படுக்கவையுங்கள்.

* ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முந்தைய நாளே ஃப்ரீஸரில் வைத்துக் கட்டியாக்கி, துண்டில் சுற்றி நாயின் அருகில் வைக்கலாம். வேண்டும்போது ஒட்டிப் படுக்கவும், வேண்டாதபோது விலகவும் இடமிருக்க வேண்டும். கூலிங் மேட்டும் நல்லதுதான். ஆனால், அது சூட்டை ஓரளவுக்குத்தான் உறிஞ்சும், பிறகு அதுவே வெதுவெதுப்பாகிவிடும். கடிக்கும் பழக்கமுள்ள நாய்க்கு வேண்டாம்.

* சாப்பாடு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பே, அளவாக இருக்கட்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். திண்டிவனம் பக்கம் சாலையோரம் குவித்திருக்கும் தர்பூசணியில் நாய்க்கும் பங்கு கொடுக்கலாம். விதையும் தோலும் இல்லாமல், நாலைந்து துண்டு போதும். திராட்சை மட்டும் வேண்டவே வேண்டாம். நாயின் சிறுநீரகத்துக்கு அது விஷம்.

* கடிக்குமோ என்று பயந்து வாயைத் துணியாலோ இறுக்கமான வாய்ப்பூட்டாலோ கட்டாதீர்கள். வாயைத் திறக்க முடியாத நாயால் மூச்சிரைக்க முடியாது. கட்டாயம் தேவையென்றால், வாயை நன்றாகத் திறக்க இடம் தரும் கூடை வடிவ வாய்ப்பூட்டு வாங்குங்கள்.

* பயணத்தில் தூங்கட்டும் என்று மயக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சில மருந்துகள், உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் திறனையே குறைத்துவிடும்.

* காரில் எப்போதும் ஐந்து லிட்டர் கேன் இரண்டில் சாதாரணத் தண்ணீர், ஒரு குவளை, இரண்டு துண்டு. ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

துவண்டு விழுந்தால் என்ன செய்வது?

மூச்சிரைப்பு சத்தமாகவும் விடாமலும் இருக்கும். நாக்கு அகலமாகி வெளியே தொங்கும். ஈறு கருஞ்சிவப்பாகும். எச்சில் கெட்டியாக நூல்போல வடியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. எழுந்தால் தள்ளாடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரலாம். இதற்கு மேல் போனால் வலிப்பு, மயக்கம்.

இப்படி ஒரு நிலையில் நம் மனம் முதலில் சொல்வது, ``வண்டியை விரட்டு, டாக்டர்கிட்ட போ!'' என்பதுதான். அங்கேதான் தப்பு நடக்கிறது.

திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கி.மீ தூரத்தில் முக்கோணமாக இருக்கின்றன. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த ரூட்டில் எங்கே நின்றாலும் ஏதோ ஓர் உதவி அரை மணி, முக்கால் மணி நேரத் தூரத்தில்தான். ஆனால், உள்ளே 106, 107 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் உடம்புக்கு அந்த அரை மணி நேரம் மிக நீளமானது.

எனவே, `முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ' என்பதுதான் இன்று மருத்துவ உலகம் சொல்லும் விதி. பிரிட்டனில் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த நாய்களைப் பற்றி 2023-ல் வெளியான ஆய்வில், வழியிலேயே குளிர்விக்கப்பட்டு வந்தவை சுமார் 22 சதவிகிதம்தான் என்று தெரிந்தது. ஐந்தில் நான்கு குடும்பங்கள் பதற்றத்தில் பொன்னான நிமிடங்களை இழந்திருக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். வண்டியை ஓரம்கட்டுங்கள். நாயை நிழலுக்குத் தூக்கிப்போங்கள். கேனில் இருக்கும் தண்ணீரைக் கழுத்து, நெஞ்சு, வயிறு, தொடை என உடம்பு முழுக்க ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் செய்தித்தாளாலோ துண்டாலோ விசிற வேண்டும். காற்று பட்டால்தான் ஈரம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். `ஜில் தண்ணி ஊத்தினா ஜன்னி வரும்' என்று தயங்க வேண்டாம். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும். தண்ணீர் தீர்ந்துவிட்டதா? பெட்ரோல் பங்க் குழாய் இருக்கிறது. வயலில் பம்ப்செட் ஓடினால் இன்னும் நல்லது. இளவயது, ஆரோக்கியமான நாய் என்றால் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, பம்ப்செட் தொட்டியிலேயே இறக்கலாம். வயதான, நோயுள்ள நாய்க்கு ஊற்றி விசிறுவதே பாதுகாப்பு.

ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். சற்று நேரத்தில் அது சூடாகி, உடல் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை எதுவும் வேண்டாம். இது காய்ச்சல் அல்ல. நாம் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவை நாய்க்கு ஆபத்து. தெர்மாமீட்டர் இருந்தால், 103 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாம்.

பிறகு, கண்ணாடிகளை இறக்கி, ஏ.சி-யை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, நாயை நடுசீட்டில் படுக்கவைத்து மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். கால்நடைகளுக்கான கட்டணமில்லா உதவி எண் 1962. ``எழுந்து நடக்குதே, சரியாயிடுச்சு'' என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் ஏற்பட்ட பாதிப்பு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட வெளியே தெரியும்.

சூட்கேஸுக்கு மூச்சு வாங்காது

இதே பிரிட்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். நாய்களுக்கு வந்த வெப்பப் பாதிப்புகளில் நால்வகையில் மூன்று வகை, அதாவது சுமார் 74 சதவிகிதம், வெயிலில் ஓடியதாலும் நடந்ததாலும் வந்தவை. வாகனத்தால் வந்தவை 5 சதவிகிதம்தான். எனவே, போகும் வழியில் `கொஞ்சம் கால் ஆறட்டும்' என்று நாயை மதிய வெயிலில் தார்ச்சாலை ஓரம் ஓடவிடுவதும் ஆபத்தே. இறங்கினால் நிழலில் இறங்குங்கள், மெதுவாக நடக்கவிடுங்கள்.

ஆனாலும் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெளியே இருக்கும் நாய் மூச்சு வாங்கினால் தானாகவே நிழலைத் தேடி ஒதுங்கும். வண்டியின் பின்னால் இருக்கும் நாயால் எங்கேயும் ஒதுங்க முடியாது. நாம் வைத்த இடம்தான் அதற்கு உலகம்.

அந்த மே மாதக் காருக்கே திரும்புவோம். ``டாமிக்கு மூச்சு வாங்குதுப்பா'' என்று பிள்ளை சொன்னதும் அப்பா செய்திருக்க வேண்டியது பெரிய விஷயமில்லை. வண்டியை ஒரு மரநிழலில் நிறுத்தி, டாமிக்குத் தண்ணீர் காட்டி, சூட்கேஸைப் பின்னால் தள்ளி, டாமியை நடுசீட்டுக்குக் கொண்டுவருவது. பாட்டி கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. விக்கிரவாண்டி டோல் எங்கேயும் ஓடிவிடாது.